ரவுட்டர் மாறுகிறது, வீட்டு சர்வரை என்ன செய்வது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ரவுட்டரை மாற்றிய அன்று வீட்டு சர்வர் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். சர்வர் 192.168.1.10 என்ற முகவரியில் உட்கார்ந்திருக்கும். புதுப் பெட்டி 192.168.29.1 என்று வந்து நிற்கும். கேபிள் செருகியிருக்கிறது, போர்ட்டில் விளக்கு மினுக்குகிறது, ஆனால் இரண்டும் வெவ்வேறு சப்நெட்டில் (ஒரே வலையாகக் கருதப்படும் முகவரித் தொகுப்பில்) இருப்பதால் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை.

ஒவ்வொரு பெட்டிக்கும் பிறவிக் குணமாக ஒரு முகவரி உண்டு. ஜியோஃபைபர் பெட்டி 192.168.29.1. ஏர்டெல் பெட்டிகளில் வழக்கமாக 192.168.1.1. டிபி-லிங்க் ஆர்ச்சர் வகையில் பல 192.168.0.1, அதே நிறுவனத்தின் டெக்கோ 192.168.68.1. ஏசஸின் புதிய மாடல்கள் 192.168.50.1, மைக்ரோடிக் 192.168.88.1, ஓபன்டபிள்யூஆர்டி 192.168.1.1. பழைய பெட்டிக்கும் புதிய பெட்டிக்கும் இந்த எண் தற்செயலாக ஒன்றாக அமைந்துவிட்டால் பாதி வேலை மிச்சம். அமையாவிட்டால் நான்கு வழிகள் இருக்கின்றன: புது ரவுட்டரைப் பழையதுபோல மாற்றுவது; சர்வரில் கையால் புது முகவரி எழுதுவது; முகவரி கொடுக்கும் பொறுப்பை ரவுட்டரிடமே விட்டு ஒதுக்கீடு செய்வது; சேவை நிறுவனத்தின் பெட்டிக்குப் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்றை வைத்துக்கொள்வது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இன்று இரவுக்குள் வேலை முடிய வேண்டும் என்றால் முதல் வழி. இணைய நிறுவனத்தை அடிக்கடி மாற்றுபவர் என்றால் நான்காவது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு, ஒரு விதிவிலக்கு தவிர, மூன்றாவது. இரண்டாவது வழியைத்தான் பலரும் முதலில் தொடுகிறார்கள். அதிகம் மாட்டிக்கொள்வதும் அதில்தான்.

புது ரவுட்டரைப் பழையதுபோல ஆக்குவது

சர்வரைத் தொடவே வேண்டாம் என்பதுதான் இதன் பலம். புது ரவுட்டரின் லேன் (வீட்டு உள்வலை) அமைப்பில் போய் அதன் முகவரியைப் பழைய ரவுட்டரின் முகவரியாக மாற்றுகிறோம், சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று வைக்கிறோம், வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து பிசகாமல் பழையபடியே கொடுக்கிறோம். சர்வரில் எழுதியிருக்கும் கேட்வே (வெளியே போகும் வாசலான ரவுட்டரின் முகவரி), டிஎன்எஸ் (பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை), ஃபயர்வால் (யார் உள்ளே வரலாம் என்ற) விதிகள் எல்லாம் அப்படியே செல்லும். ஸ்மார்ட் பல்பு, பிளக், கேமரா போன்றவையும் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

வைஃபை பெயரை மாற்றாமல் வைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு பொய் மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணை, உண்டாக்கிக்கொள்கின்றன. பெயர் மாறினால் அதுவும் மாறும். மேக் முகவரியை நம்பி வைத்த ஒதுக்கீடுகளும் பிள்ளைகளுக்கான நேரக் கட்டுப்பாடுகளும் செல்லாமல் போகும்.

இங்கே சறுக்குவது டிஎச்சிபி வரம்பில், அதாவது சாதனங்களுக்கு ரவுட்டர் தானாக வழங்கும் முகவரிகளின் எல்லையில். பழைய ரவுட்டர் 192.168.1.100 முதல் 199 வரை மட்டும் போன்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கும்; சர்வர் 10இல் பத்திரமாக இருந்திருக்கும். புது ரவுட்டரோ 2 முதல் 254 வரை எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்கும் நிலையில் வந்திருக்கும். சர்வரின் முகவரி கையால் எழுதப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. இரண்டு நாள் ஒழுங்காக ஓடும். பிறகு விருந்தாளி ஒருவரின் போனுக்கு அதே 10ஐக் கொடுத்துவிடும். சர்வர் சில சமயம் வருகிறது, சில சமயம் வரவில்லை என்ற வகைக் குழப்பத்துக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். லேன் முகவரியை மாற்றிய கையோடு டிஎச்சிபி வரம்பையும் 100 முதல் 199 என்று சுருக்கிவிட வேண்டும்.

இன்னொரு சிக்கல் வைஃபை பாதுகாப்பு வகை. புது ரவுட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்று அமைந்திருந்தால் பழைய ஸ்மார்ட் பிளக்குகள், குறிப்பாக ஈஎஸ்பி8266 சில்லு உள்ளவை, சேர மறுக்கும். அவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். டபிள்யூபிஏ2 அல்லது 2/3 கலப்பு என்று வைத்தால் தீர்ந்தது. ஸ்மார்ட் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருள் ஓடும் வீடுகளில், சர்வர் நன்றாக இருக்கிறது, சாதனங்கள்தான் செத்துவிட்டன என்று தோன்றுவதற்கு இது முக்கியக் காரணம்.

சில நிறுவனப் பெட்டிகளில் லேன் முகவரியை மாற்றும் பக்கமே பூட்டியிருக்கும். சிலவற்றில் மாற்ற முடிந்தாலும், நிறுவனம் டிஆர்-069 என்ற தொலைமேலாண்மை முறை வழியாகத் தொலைவிலிருந்து அமைப்புகளைத் திருப்பி எழுதும்போது மறுபடி பழைய குணத்துக்கே போய்விடலாம். அப்படிப்பட்ட பெட்டி வாய்த்தால் இந்த வழியில் மெனக்கெடாமல் நான்காவதற்குத் தாவுவது நல்லது.

சர்வரில் கையால் புது முகவரி எழுதுவது

மானிட்டரும் கீபோர்டும் இல்லாத சர்வரில் இது கத்திமேல் நடக்கிற காரியம். எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை தரும் இணைப்பு) வழியே மறுபடி உள்ளே போக முடியாது. ராஸ்பெரி பை 4, 5 வைத்திருப்பவர்கள் மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள் கையில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும். சாதா எச்டிஎம்ஐ அதில் நுழையாது.

எந்தக் கோப்பில் எழுதுவது என்பதும் இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறுகிறது. உபுண்டு சர்வரில் நெட்பிளான். டெபியனில் பழைய வழக்கப்படி இன்டர்ஃபேசஸ் கோப்பு. ராஸ்பெரி பையில் 2023 அக்டோபரில் வந்த புக்வோர்ம் பதிப்பு முதல் நெட்வொர்க்மேனேஜர். அதற்கு முந்தைய வழிகாட்டிகள் சொல்லும் டிஎச்சிபிசிடி கோப்பில் எழுதினால் ஒன்றும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸில் விஎம்பிஆர்0 பிரிட்ஜின் முகவரியை இன்டர்ஃபேசஸ் கோப்பிலும், அதே முகவரியை ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் என இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும். இரண்டாவதைப் பலர் மறக்கிறார்கள்.

நெட்பிளானில் 'ட்ரை' என்ற துணைக்கட்டளை இருக்கிறது. புது அமைப்பை இயக்கிப் பார்க்கும். 120 நொடிக்குள் என்டர் அழுத்தி உறுதிசெய்யாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும். தொலைவிலிருந்து மாற்றுபவர்கள் 'அப்ளை' பக்கமே போகாமல் இதைப் பயன்படுத்தலாம்.

ஆனால் இதைவிடக் கைகொடுக்கும் உத்தி, ஒரே நெட்வொர்க் கார்டுக்கு இரண்டு முகவரி கொடுப்பது. பழைய 192.168.1.10ஐ நீக்காமல், புது ரவுட்டரின் சப்நெட்டில் 192.168.29.10ஐயும் சேர்த்து எழுதிவிடலாம். டிஃபால்ட் கேட்வே மட்டும் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இப்படிச் செய்தால் மாற்றத்துக்கு முன்பும் பின்பும் சர்வரைத் தொட முடியும். எல்லாம் நிலைத்த பிறகு பழையதை எடுத்துவிடலாம். கட்டளை வரியில் தற்காலிகமாகச் சேர்க்கும் முகவரி மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். ரவுட்டர் மாற்றும்போது யாராவது மெயின் சுவிட்சையே அணைப்பது சகஜம் என்பதால், கோப்பிலேயே எழுதுவதுதான் பத்திரம்.

முகவரியை மாற்றுவதோடு கதை முடியாது. பழைய எண் ஒளிந்திருக்கும் இடங்கள் நிறைய. யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 192.168.1.0/24க்கு (192.168.1.x முழுவதற்கும்) மட்டும் அனுமதி என்ற விதி இருந்தால், புது சப்நெட்டிலிருந்து எஸ்எஸ்எச்சே மூடிக்கொள்ளும். இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் சரிசெய்ய வேண்டும். சாம்பாவின் ஹோஸ்ட்ஸ் அலவ் வரி, என்எஃப்எஸ் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பு, நெக்ஸ்ட்கிளவுடின் நம்பகமான டொமைன்கள் பட்டியல், ஹோம் அசிஸ்டென்ட்டின் நம்பகமான ப்ராக்ஸிகள், ஜெல்லிஃபினின் உள்வலை அமைப்பு, போஸ்ட்கிரெஸின் அனுமதிக் கோப்பு, ஃபெயில்2பேன் விலக்குப் பட்டியல் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். சேவைகளைத் தனித்தனி கன்டெய்னர்களாக ஓட்டும் டாக்கரின் கம்போஸ் கோப்பில் போர்ட்டுக்கு முன்னால் 192.168.1.10 என்று கட்டிப்போட்டிருந்தால் அந்த கன்டெய்னர் எழவே எழாது; அந்த முகவரி இந்தக் கணினியில் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். ஈடிசி அடைவிலும் கம்போஸ் கோப்புகள் இருக்கும் அடைவிலும் கிரெப் என்ற தேடல் கட்டளை போட்டு '192.168.1.' என்று தேடி, கிடைப்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்வது அரை மணி நேர வேலை. அந்தத் தாள் இல்லாமல் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

ரவுட்டரிடம் ஒதுக்கீடு செய்வது

சர்வரை டிஎச்சிபியில் விட்டுவிட்டு, அதன் மேக் முகவரிக்கு இந்த எண்தான் என்று ரவுட்டரில் பதிந்துவிடுவது. டிபி-லிங்க் மெனுவில் இது அட்ரஸ் ரிசர்வேஷன். முகவரி எழுதியிருக்கும் இடம் ஒன்றே ஒன்றாகிவிடுகிறது. அடுத்த முறை ரவுட்டர் மாறினால் முகவரிக்காகச் சர்வரில் எதையும் திறக்க வேண்டாம். கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் கூடவே வந்துவிடும். மோசமான நிலையிலும் சர்வர் ஏதோ ஒரு முகவரியோடு ரவுட்டரின் பட்டியலில் தெரியும். தொலைந்துபோகாது என்பது பெரிய நிம்மதி.

இதில் மூன்று இடறல்கள். முதலாவது, உபுண்டு சர்வரில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி தன்னை அறிமுகப்படுத்த மேக் முகவரிக்குப் பதிலாக டியூஐடி என்ற வேறோர் அடையாளத்தை அனுப்பும். சில ரவுட்டர்கள் இதைப் பார்த்து ஒதுக்கீட்டைப் பொருட்படுத்தாமல் வேறு எண்ணைக் கொடுத்துவிடும். நெட்பிளானில் டிஎச்சிபி அடையாளம் 'மேக்' என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகும். இரண்டாவது, வயர் வழி ஒரு மேக், வைஃபை வழி வேறொரு மேக். இரண்டும் இயங்கும் சிறு கணினியில் எதற்கு ஒதுக்கினோம் என்று பார்த்து, வைஃபையை அணைத்துவிடுவது உத்தமம். மூன்றாவது மின்வெட்டு. சர்வர் யூபிஎஸ்ஸில் இருந்து ரவுட்டர் மட்டும் அணைந்து எழுந்தால் பரவாயில்லை. இரண்டும் ஒன்றாக எழும்போது, ரவுட்டர் தயாராவதற்கு முன்பே சர்வரின் சேவைகள் தொடங்கி, முகவரி இல்லாமல் விழும். நெட்வொர்க் வந்த பிறகே தொடங்கு என்று சிஸ்டம்டியில் அந்தச் சேவைகளைக் கட்டிவைக்க வேண்டும்.

முன்பு சொன்ன விதிவிலக்கு, டிஎன்எஸ் வழியே விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல். சர்வரே வீட்டுக்கு டிஎன்எஸ் தருகிறது என்றால் அதற்குக் கையால் எழுதிய நிலையான முகவரிதான் வேண்டும். டிஎச்சிபியையும் அதுவே கொடுக்கிறது என்றால் வேறு பேச்சே இல்லை. மாற்றத்துக்கு முந்தைய நாள் ரவுட்டரின் டிஎன்எஸ்ஸைத் தற்காலிகமாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிவைத்தால், சர்வர் ஒரு மணி நேரம் தடுமாறினாலும் வீட்டில் நெட் போச்சு என்ற குரல் எழாது. புதுப் பெட்டியில் டிஎச்சிபி வழி கொடுக்கும் டிஎன்எஸ்ஸை மாற்ற இடமே இல்லையென்றால், ரவுட்டரின் டிஎச்சிபியை அணைத்து பை-ஹோலின் டிஎச்சிபியை இயக்கலாம். அதன் பிறகும் விளம்பரங்கள் எட்டிப்பார்த்தால் முகவரிகளின் புதிய வகையான ஐபிவி6ஐப் பாருங்கள்: ரவுட்டர் தன் அறிவிப்புகளில் தன்னையே டிஎன்எஸ்ஸாகச் சொல்லிக்கொண்டிருக்கும், போன்கள் பை-ஹோலைச் சுற்றிக்கொண்டு அங்கே போகும்.

சொந்த ரவுட்டரை நடுவில் வைப்பது

நிறுவனப் பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கேட்6 கேபிள், நமது ரவுட்டரின் வான் (வெளி இணைய) போர்ட்டுக்கு. சர்வர், டிவி, போன்கள் எல்லாம் நமது ரவுட்டருக்குக் கீழே. இனி நிறுவனம் மாறினாலும் பெட்டி மாறினாலும் உள்ளே எந்த எண்ணும் அசையாது. சில ஆயிரம் ரூபாய் செலவு. ஆனால் இந்த வேலையை மறுபடி செய்யவேண்டிய தேவை அநேகமாக இல்லை.

உள் சப்நெட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். நிறுவனப் பெட்டியும் 192.168.1.x, நம் ரவுட்டரும் 192.168.1.x என்றால் வானும் லேனும் ஒரே சப்நெட்டாகி எதுவும் நகராது. 192.168.0, 192.168.1 இரண்டையும் விட்டுவிட்டு 10.37.20.0/24 போல யாரும் தொடாத ஒன்றை எடுப்பது நல்லது. வெளியிலிருந்து விபிஎன் போடும்போதும் இது உதவும்: விடுதியின் வைஃபையும் 192.168.1.x, வீடும் 192.168.1.x என்றிருந்தால், லேப்டாப் 192.168.1.10ஐ விடுதிக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். எண்ணை மாற்றத்தான் போகிறோம் என்றால், ஒரே தடவையில் இப்படியொரு எண்ணுக்கு மாறிவிடுவதே எங்கள் பரிந்துரை.

நிறுவனப் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலைக்கு) மாற்ற முடிந்தால் நம் ரவுட்டரே பிபிபிஓஇ (பயனர் பெயர் கொடுத்து நிறுவனத்தோடு இணையும் முறை) வழி இணையும். பயனர் பெயர், கடவுச்சொல், சில இணைப்புகளில் விலான் எண் ஆகியவற்றை வாங்கி வைத்திருக்க வேண்டும். எம்டியூ (ஒரு தரவுப் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1492 என்று இருக்க வேண்டும். 1500 என்று விட்டால் சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கும். பெட்டியில் லேண்ட்லைனோ டிவி பெட்டியோ செருகியிருந்தால், பிரிட்ஜ் முறையில் அவை வேலை செய்யுமா என்று கேட்டுவிட்டே மாற்ற வேண்டும். பிரிட்ஜ் கிடைக்காவிட்டால் இரட்டை நாட், அதாவது இரண்டு பெட்டிகளும் அடுத்தடுத்து முகவரியை மாற்றி அனுப்பும் நிலை. வெளியே போகும் போக்குவரத்துக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. அதைப் பற்றிய பயம் தேவைக்கு மேல் பரவியிருக்கிறது. உள்ளே வரும் போர்ட்டுகளை மட்டும் இரண்டு பெட்டியிலும் திறக்க வேண்டும், அல்லது நிறுவனப் பெட்டியில் நம் ரவுட்டரை டிஎம்இசட் (வெளியிலிருந்து வருவதெல்லாம் போய்ச் சேரும் சாதனம்) என்று காட்ட வேண்டும். நிறுவனப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் யாராவது அதில் சேர்ந்துகொண்டு, சர்வர் வரவில்லை என்பார்கள்.

மினி யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். பழைய பெட்டி 12 வோல்ட் 1 ஆம்பியராக இருந்திருக்கலாம். வைஃபை 6 ரவுட்டர்களில் 12 வோல்ட் 2 ஆம்பியர் கேட்பவை உண்டு. யூபிஎஸ் அதைத் தாங்காவிட்டால், மின்சாரம் போன நொடியில் ரவுட்டர் மறுதொடக்கம் ஆகும். அடாப்டரின் பின்பக்க எழுத்தைப் படித்தாலே தெரியும்.

வெளியிலிருந்து வரும் வழி

பழைய ரவுட்டரில் செய்த போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதைச் சர்வருக்குத் திருப்பிவிடும் விதி) புதியதற்குத் தானாக வராது. ஒரு நிறுவனத்தின் பேக்கப் கோப்பை இன்னொரு நிறுவனத்தின் ரவுட்டர் படிக்காது. எனவே எல்லாப் பக்கங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும்: போர்ட்டுகள், ஒதுக்கீடுகள், டைனமிக் டிஎன்எஸ் (மாறும் வெளி முகவரியை ஒரு பெயரோடு இணைத்து வைக்கும் சேவை), பிபிபிஓஇ விவரம். டைனமிக் டிஎன்எஸ் பழைய ரவுட்டருக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தால் அதைச் சர்வருக்கு மாற்றிவிடுங்கள்.

நிறுவனமும் மாறுகிறது என்றால் முதலில் புது ரவுட்டரின் வான் முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்கள் சிஜி-நாட்டுக்குப் பின்னால், அதாவது பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் ஏற்பாட்டில், இருக்கிறீர்கள். எத்தனை போர்ட் திறந்தாலும் ஐபிவி4 வழி யாரும் உள்ளே வர முடியாது. சாதனங்களைத் தனி வலையாக இணைக்கும் விபிஎன் சேவையான டெயில்ஸ்கேலும் அவற்றுக்கு இதே தொகுப்பிலிருந்துதான் எண் கொடுக்கிறது என்பதால், சர்வரில் தெரியும் 100.x எண்ணைப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். பார்க்க வேண்டியது ரவுட்டரின் வான் பக்கத்தை.

பொது ஐபி உண்டென்றால் வயர்கார்டு என்ற விபிஎன்னுக்காக யூடிபி 51820 ஒன்றை மட்டும் திறந்தால் போதும். சிஜி-நாட் என்றால் டெயில்ஸ்கேல், அல்லது வெளியாருக்கும் தளம் தெரிய வேண்டுமானால் கிளவுட்ஃபிளேர் டனல். இவை இரண்டும் சர்வரிலிருந்து வெளியே போய் இணைப்பதால் ரவுட்டர் எதுவானாலும் கவலையில்லை. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், மாற்றத்துக்கு முன்பே டெயில்ஸ்கேலைப் போட்டு வைப்பது நல்ல காப்பு: உள்முகவரி மாறினாலும், சர்வருக்கு இணையம் கிடைத்தவுடன் அதே 100.x எண்ணில் அது கிடைக்கும்.

புது ரவுட்டரில் வெளியிலிருந்து டொமைன் பெயரில் தளம் வருகிறது, வீட்டுக்குள்ளிருந்து வரவில்லை என்றால், அதில் நாட் லூப்பேக் (உள்ளிருந்து நம் வெளி முகவரிக்குப் போவதை உள்ளேயே திருப்பும் வசதி) இல்லை என்று பொருள். சர்வரில் தேட வேண்டாம். வீட்டு டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு உள்முகவரியைக் கொடுத்தால் தீரும். தளத்தின் பாதுகாப்புக்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழும் கவனிக்க வேண்டியது. வழக்கமாக 90 நாள் செல்லுபடி. போர்ட் 80ஐத் திறக்க மறந்துவிட்டால் அன்றைக்கு எதுவும் தெரியாது. சில வாரம் கழித்துப் புதுப்பித்தல் தோற்று, ரவுட்டர் மாற்றியதே மறந்துபோன நாளில் உலாவி சிவப்பு காட்டும். டிஎன்எஸ் வழி சரிபார்ப்புக்கு மாறினால் போர்ட் 80இன் தேவையே இல்லை.

மாற்றும் நாளில்

புது ரவுட்டரைப் பழைய வலையோடு இணைக்காமல், ஒரு லேப்டாப்பை மட்டும் செருகி முழுதாக அமைத்து முடிக்க வேண்டும். ஒரே முகவரி உள்ள இரண்டு ரவுட்டர்கள் ஒரே சுவிட்சில் வந்தால், டிஎச்சிபியும் இரண்டாகி, எந்தச் சாதனம் யார் பேச்சைக் கேட்கும் என்று சொல்ல முடியாது. அமைத்த பின் பழையதை அணைத்து, கேபிள்களை மாற்றி, முதலில் ரவுட்டர், பிறகு சுவிட்ச், கடைசியில் சர்வர் என்று எழுப்ப வேண்டும்.

சர்வர் தெரியவில்லை என்றால் மானிட்டரைத் தூக்குவதற்கு முன் இரண்டு குறுக்கு வழிகள். லேப்டாப்புக்குக் கையால் 192.168.1.50 என்று பழைய சப்நெட் முகவரி கொடுத்து, சர்வர் செருகியிருக்கும் அதே ரவுட்டரின் லேன் போர்ட்டில் செருகினால், ரவுட்டர் எந்தச் சப்நெட்டில் இருந்தாலும் 192.168.1.10 பதில் சொல்லும். லேன் போர்ட்டுகளுக்குள் ரவுட்டர் வெறும் சுவிட்ச்தான். அதுவும் முடியாவிட்டால் எஃப்ஈ80 என்று தொடங்கும் ஐபிவி6 லிங்க்-லோக்கல் முகவரி வழி எஸ்எஸ்எச் செய்யலாம். அது ரவுட்டரைச் சார்ந்ததே அல்ல. முன்கூட்டியே குறித்து வைத்திருந்தால் போதும்.

சர்வர் வந்ததும் ஈத்டூல் கட்டளையில் வேகம் 1000 மெகாபிட் என்று காட்டுகிறதா பாருங்கள். 100 என்றால், நிறுவனப் பெட்டிகளில் சிலவற்றில் ஒரு போர்ட் மட்டுமே கிகாபிட், மற்றவை 100 மெகாபிட் என்பதால் போர்ட்டை மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கும் மசியவில்லையென்றால் கேபிளின் எட்டு கம்பிகளில் ஒன்று போயிருக்கும்.

பழைய ரவுட்டரை ஒரு வாரம் அப்படியே, ரீசெட் செய்யாமல் வைத்திருங்கள். பிறகு மாடியில் வைஃபைக்குப் பயன்படுத்தலாம்: டிஎச்சிபியை அணைத்து, லேன் முகவரியைப் புது சப்நெட்டில் யாரும் எடுக்காத எண்ணுக்கு, உதாரணமாக 2க்கு மாற்றி, கேபிளை வான் போர்ட்டில் அல்ல, லேன் போர்ட்டில் செருக வேண்டும். வானில் செருகினால் அது இன்னொரு சப்நெட்டைத் தொடங்கிவிடும். மாடியிலிருந்து டிவியைத் தேடினாலும் பிரிண்டரைத் தேடினாலும் கண்ணில் படாது.